கேட்காமல் விட்ட கேள்வி

வகுப்பில் அவளுக்கு அவசரம் என்று பெயர். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் நிற்பாள், பாவம். சமூகப்பணி படிக்கிறவளுக்கு அது ஆகாத குணம்.

களப்பணிக்கு அனுப்பும் முன் வகுப்பறையிலேயே ஒரு வீட்டை உண்டாக்கி ஒத்திகை பார்ப்பார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசற்கதவுக்குப் பதில் இரும்பு அலமாரி. ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் அவரைப் பார்க்கப் போகும் பணியாளர். முன்பு நடந்த ஒத்திகைகளில், வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவசரம் புத்தி சொல்லி முடித்துவிட்டாள். இன்றும் தவறினால் மற்றவர்கள் திங்கட்கிழமை களத்துக்குக் கிளம்புவார்கள். இவள் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்காரன் நெட்டை. எதைக் கொடுத்தாலும் மிகையாக நடிக்கிறவன். அவனுக்குக் கொடுத்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகன், வீட்டில் கூச்சல் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் புகார்.

அவள் அலமாரியைத் தட்டினாள்.

"யாரது? சோப்பு விக்கறவங்கன்னா நேத்தே வாங்கியாச்சு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி, "எங்க உக்காரலாம்?" என்று கேட்டு உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மேடம் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"அம்மாவை எப்படிப் பாத்துக்கறீங்க?"

"அடிக்கடி திருப்பிப் போடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். வலப்பக்கம் திருப்பினா அழுவாங்க. அதனால இடப்பக்கமே போட்டு, இடுப்புக்குக் கீழ பழைய துணிய மடிச்சு வெப்பேன். அப்பவும் கூப்பிட்டுட்டே இருப்பாங்க. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

இதெல்லாம் அட்டையில் இல்லை. அவன் குரலில் நடிப்பும் இல்லை. வெறும் மேசையை, படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவுவதுபோல் நீவிக்கொண்டிருந்தான்.

"என்னமா நடிக்கறான் பாரு," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

அடுத்தது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. எந்த வீட்டிலும் அதை விடக் கூடாது என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: எப்போதாவது கை ஓங்கியதுண்டா? கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான், இத்தனை பேர் முன்னால்.

எழுந்துவிட்டாள். "போதும் மேடம். நிறுத்திக்கறேன்."

"முக்கியமான கேள்வி பாக்கி இருக்கே. ஏன் கேக்கல?"

காரணத்தைச் சொன்னால் கேட்டதற்குச் சமம். "மறந்துபோச்சு மேடம்."

"மறக்கற கேள்வியா அது? அப்ப திங்கட்கிழமை நீ போக வேண்டாம்."

மதியம் நெட்டை படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளும் போய் உட்கார்ந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கேட்டிருந்தா பாஸாயிருப்ப."

"வீட்ல படுத்திருக்கறது அம்மாவா?"

"பெரியம்மா. என்னை வளத்தவங்க."

சுற்றிலும் யாரும் இல்லை. "கை ஓங்கியிருக்கியா?" என்று கேட்டாள்.

அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நாக்கு நமநமத்தது. ஆறுதல், யோசனை, தெரிந்த டாக்டர் ஒருவர் பெயர், எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அத்தனையையும் மென்று விழுங்கினாள்.

"ஒரு தடவை," என்றான் கடைசியில். "கையில அடிச்சிட்டேன். சிவந்துபோச்சு. தனியா முடியல."

"மேடம்கிட்ட சொல்லலாமா?"

"நீயும் வா."

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். முதியவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றுக்கு அங்கேயே போன் போட்டார். மாலையே ஆள் வருவதாகச் சொன்னார்கள். பிறகு மேடம் அவசரத்தின் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் நிறுத்தினியா?"

"ஆமா மேடம்."

"சரி. ஆனா களத்துலயும் இப்படிக் கேக்காம வந்துட்டா, அங்க படுத்திருக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

நெட்டை முந்திக்கொண்டான். "கேட்டுட்டா மேடம். படிக்கட்டுல வெச்சு."

"கேட்டுட்டு என்ன புத்தி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ப முடியலயே," என்றார். "திங்கட்கிழமை கிளம்பு."