கணக்கு நோட்டின் அட்டை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பள்ளிகொண்டாவில் ஏறிய ஒரு மாணவியின் நோட்டுக்கு ஏதோ விமான நிலைய வரைபடத்தை அட்டையாகப் போட்டிருந்தார்கள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. வேலூர் வருவதற்குள் ஒரு விமானியையும் அவன் மனைவியையும் கற்பனை செய்துவிட்டேன். அன்றோடு நிம்மதி போயிற்று. எழுதி எழுதி அலுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "வானம் அன்று ஜோவினுக்கு..." வேண்டாம். வானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

இரண்டாவது: ஆம்பூர், 1997. ஜோவின் சரக்கு விமானம் ஓட்டுகிறான். வழிகாட்டும் படங்களெல்லாம் காகிதம். மாதம் இருமுறை தபாலில் புதிய தாள்கள் வரும். பழையதை உருவிவிட்டுப் புதியதை ஃபைலில் செருக வேண்டும். இதை விமானியே செய்ய வேண்டும் என்பது விதி. செய்வது மனைவி ஃபீபி. வேலூரில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, அவன் தூங்கும்போது, சாப்பாட்டு மேசையில் செய்வாள். கழித்த தாள்கள் மகள் ஜெனிஃபாவின் நோட்டுகளுக்கு அட்டையாகும். நல்ல தாள், எறிய மனம் வராது.

(பழையதும் புதியதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூலையில் தேதி மட்டும் வேறு. உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். ஃபீபிக்குத்தான் நேரமாயிற்று.)

3

மாலை. ஜெனிஃபா கணக்கு நோட்டை மேசையில் போடுகிறாள். அட்டையின் மூலையில் இந்த மாதத் தேதி.

அப்படியென்றால் பழைய தாள் ஜோவினின் தோல் பையில், அவனோடு ஆகாயத்தில் இருக்கிறது. மலையோரத்து விமான நிலையம் ஒன்றின் படம் அது. அங்கே புதிதாக ஒரு கோபுரம் எழும்பியிருக்கிறது. மேகத்துக்குள் இறங்கும்போது முன்பைவிட முந்நூறு அடி மேலேயே இருக்க வேண்டும் என்கிறது புதிய தாள். இன்னும் சற்று நேரத்தில் ஜோவின் அங்கே இறங்க வேண்டும்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி ஆய்ட்ட?"

"ஒண்ணுமில்ல. நீ இங்கயே இரு, வந்துட்றேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

4

இங்கே எனக்குப் பயம் வந்து, கதையை 2006க்கு நகர்த்தினேன். கம்பெனி லேப்டாப் கொடுத்துவிட்டது. குறுந்தகட்டைப் போட்டால் எல்லாப் படமும் புதிதாகிவிடும். "பேப்பரெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன் ஃபீபி. இனிமே உனக்கு பேஜார் இல்ல, நிம்மதியா தூங்கு" என்கிறான் ஜோவின். அவள் தூங்குகிறாள். பாதிப் பக்கத்தில் நானும் தூங்கிவிட்டேன்.

ஆகவே மறுபடியும் 1997. மன்னித்துக்கொள், ஃபீபி.

5

அப்துல் வஹாபின் டெலிபோன் பூத்.

"பாய், அவரு கம்பெனிக்கு அர்ஜென்ட்டா பேசணும்."

"பேசும்மா. இன்னாத்துக்கு கையில பாப்பா நோட்டு?"

சொன்னால் ரேடியோவில் அவனுக்குத் தகவல் போகும். தாளைச் செருகியது யார் என்றும் கேட்பார்கள். லைசென்ஸ் போய்விடலாம். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

ஒரு பிரதியில் சொல்லிவிட்டாள். அவன் பத்திரமாக வந்தான். இப்போது தோல் கம்பெனி ஒன்றில் குடோன் பார்த்துக்கொள்கிறான். அவளோடு பேசுவதில்லை.

இன்னொன்றில், பூத்துக்கு வெளியே அண்ணாந்து பார்த்தாள். "மேகமே இல்லியே" என்று ரிசீவரை வைத்துவிட்டாள். அது ஆம்பூர் ஆகாயம். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

6

என்னால் ஆகாது. ரிசீவரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுனையில் "ஹலோ, யாரு?" என்று இரண்டாம் முறையும் கேட்டாயிற்று. ஃபீபி கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உங்கள் வாயையே பார்த்து நிற்கிறாள்.