மேட்டுத் தெருவுக்கு யார் போவது

என் மனைவி வேறு ஷெட்டுக்கு மாற்றல் கேட்டாள். வேறு ஷெட் என்றால் ஊர்க்கோடியில் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் கேட்டில் நின்றாலே அதன் தகரக் கூரை தெரியும். நான் சம்மதித்தால்தான் மாற்றல் கிடைக்கும். எந்தக் குப்பை லாரி எந்தத் தெருவுக்கு எந்த டிரைவரோடு போக வேண்டும் என்று இந்த ஷெட்டில் போடுகிறவன் நான். அதில் ஒரு லாரியை ஓட்டுகிறவள் அவள்.

“இங்க என்ன குறைச்சல்?” என்றேன்.

“அங்க நல்லா இருக்காம்.”

என்ன நல்லா இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் பேச்சு வரும். அங்கே வண்டி போடுகிற பொடியனைச் சொல்கிறேன். டிரைவர்கள் எல்லாரும் அவனைத் ‘தம்பி’ என்று கொஞ்சுவார்கள். நான் மனதுக்குள் சிரிச்சமூஞ்சி என்பேன். அவன் லாரிகள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கொட்டிவிட்டு, கழுவிக்கொண்டு, கல்யாண வண்டி மாதிரி வந்து நிற்கும். என் ஷெட்டில் திங்கட்கிழமையானால் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அங்கே யாருக்கும் முதுகே இல்லை போல. தலைமை அலுவலகக் கூட்டத்தில் பெரிய என்ஜினியர் எல்லார் எதிரிலும் என்னைப் பார்த்து, “அவர்கிட்ட கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க” என்றார். அவன் எழுந்து, “அய்யோ, அண்ணன்கிட்ட நான்தான் கத்துக்கணும்” என்று பல்லைக் காட்டினான்.

என் மனைவியை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அக்கா என்கிறவன் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. விடிந்ததிலிருந்து மதியம் வரை அவள் நான் போட்ட வழியில் ஓட்டுகிறாள். இனி அவன் போட்ட வழியில் ஓட்டுவாள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு நான் எப்போதும் போடுவது மேட்டுத் தெரு. செங்குத்தான ஏற்றம், முடிவில் லாரி திரும்ப இடம் கிடையாது. அடிவாரத்திலிருந்தே ரிவர்ஸில் ஏற வேண்டும்; குப்பை ஏற்றுகிற ஆள் பின்னால் நடந்து வண்டியைத் தட்டிக்கொண்டே வருவான். இரண்டு பக்கமும் நிற்கிற பைக்குகளில் ஒன்றில் உரசினாலும் தெருவே கூடிவிடும். எந்த டிரைவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு வாய் பேசக் கூடாது என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை அவளுக்கே போட்டேன். என் நேர்மையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவள் மாற்றல் கேட்ட மறுநாள் அந்த நேர்மையைக் காற்றில் விட்டேன். பூங்கா ரோட்டை அவளுக்குப் போட்டேன். நல்ல அகலம், பெரிய தொட்டிகள், லாரியே தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும், இறங்கவே வேண்டாம். யாருக்கு எந்தத் தெரு என்று நான் எழுதிவைக்கிற பலகையைப் பார்த்ததும் மீசை என்கிற டிரைவர் உரக்கச் சொன்னான்: “வீட்ல கோவிச்சுக்கிட்டா பூங்கா ரோடு கிடைக்குமா சார்? நானும் கோவிச்சுக்கறேன், வந்து சமாதானம் பண்ணுங்க.” ஷெட்டே சிரித்தது. அவள் சாவியை என் மேஜையில் போட்டாள்.

“என்னை ஊர் சிரிக்க வெச்சுட்டீங்க. மேட்டுத் தெருவ இன்னிக்கு நானே எடுத்துக்கறேன். மாத்தலுக்குச் சம்மதம் மட்டும் குடுங்க.”

கொடுக்கவில்லை. மதியம் நேராக அந்த ஷெட்டுக்குப் போனேன். சிரிச்சமூஞ்சி நாற்காலி போட்டு, “உக்காருங்கண்ணே” என்றான். நான் உட்காரவில்லை, அவன் பலகையைப் பார்த்தேன். அடுத்த வாரத்தை இப்போதே போட்டிருந்தான். ‘சந்தை’ என்ற இடத்துக்கு எதிரே ‘அக்கா’ என்று இருந்தது.

சந்தை! அழுகல், ஈ, தண்ணீர் சொட்டுகிற மூட்டைகள், நடுவில் வந்து நிற்கிற தள்ளுவண்டிகள். அதற்கு மேட்டுத் தெரு எவ்வளவோ தேவலை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“உன் அருமைத் தம்பி உன்னை எங்க போட்டிருக்கான் தெரியுமா? சந்தையில!”

அவள் சீருடையை அலசிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“தெரியும். போன் பண்ணான். சந்தைக்கு ஆள் இல்லக்கா, உங்களால முடியுமா, முடியலன்னா பரவால்லன்னான். போறேன்னு நான்தான் சொன்னேன்.”

“மேட்டுத் தெருவே மேல் இல்லையா அதுக்கு?”

“மேல்தான்.” பிழிந்த சட்டையை உதறினாள். “தோள்பட்டை வலிச்சு நான் ராத்திரி புரண்டு படுத்தப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு நாளாவது, முடியுதாடின்னு கேட்டீங்களா? ஊர்ல என்ன பேசுவாங்கன்னு மட்டும்தான் உங்களுக்குக் கவலை.”

கேட்டால் அதுவே சலுகை ஆகிவிடுமே என்று சொல்ல வந்தேன். கொடியில் அவள் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் சம்மதம் எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனாள். என் பலகையில் மேட்டுத் தெரு காலியாக நின்றது. மீசை பெயரை எழுதக் கை போனது. எழுதியிருந்தால் வழக்கம்போல அவனுக்கு முதுகு பிடித்திருக்கும். ஷெட் போனை எடுத்து மீசையைக் கூப்பிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் அந்தப் பயலுடையது.

“மேட்டுத் தெருவுக்கு ஆள் இல்ல. உங்களால முடியுமா? முடியலன்னா பரவால்ல.”

மீசை சந்தோஷமாகக் கேட்டான்.

“தம்பி, நீங்களா? எங்க ஷெட்டுக்கே வந்துட்டீங்களா? இதோ வண்டிய எடுத்துட்டேன் தம்பி!”

நான் யார் என்று சொல்லாமலே போனை வைத்தேன்.