கெட்ட தோட்டாவுக்கு மூன்று சொந்தக்காரர்கள்

1

இந்தக் கதை எனக்கு ரோலியின் முடிதிருத்தும் கடை நாற்காலியில் கிடைத்தது. பாதித் தலை வெட்டி முடிந்திருந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் எழுந்து போக வழியில்லை. அவனுடைய அக்காள் மார்லிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நான் ஒருவன் அங்கே இருப்பதையே பொருட்படுத்தாமல், தம்பியைப் பார்த்து, "துப்பாக்கி எங்கடா?" என்று கேட்டாள்.

அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். அங்கிருந்தே தொடங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரோலியின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஏன் இல்லை என்று தெரியாமல் அந்தக் கேள்வி உங்களுக்குச் சுடாது.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"துப்பாக்கி வெடித்துச் சிதறியபோது ரோலி சிரித்துக்கொண்டிருந்தான்..." (இல்லை. வெடித்தபோது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுடுகிறவர்கள் அப்படித்தான்.)

"மொன்டானாவின் பனி படர்ந்த ஓர் அழகிய மாலைப்பொழுதில், அன்பான கணவனும் மனைவியும்..." (நாட்காட்டிப் படம்போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆர்லென் ஸ்கோகென் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகள் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஊரில் மற்ற வீடுகளில் தொலைக்காட்சி ஓடும். இவர்கள் வீட்டுப் பின்னறையில் தோட்டா நிரப்பும் வேலை ஓடும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, கைப்பிடி எந்திரத்தில் கொடுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்து போட்டு, மேலே குண்டை அமர்த்துவார்கள். இந்த ஊரில் சிலருக்குப் பைத்தியம் மீன் பிடிப்பது, சிலருக்குப் பழைய டிராக்டர். இவர்களுக்கு இது.

"கடைத் தோட்டா கடைச் சட்டை மாதிரி," என்பார் ஆர்லென். "போட்டுக்கலாம். இது அளவெடுத்துத் தைச்சது."

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குணம் உண்டு, அதற்கு ஏற்ற தோட்டாவைக் கண்டுபிடிப்பதில்தான் சுகம் என்பது அவர்கள் கட்சி. மச்சினன் ரோலியின் துப்பாக்கிக்கும் அவர்கள்தான் தைத்துக் கொடுப்பார்கள். ஆர்லென் மருந்தை நிறுத்துக் கூட்டில் போடுவார். மார்லிஸ் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, மட்டம் சரியாக இருந்தால்தான் குண்டை வைத்து மூடுவாள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. நீளத் துப்பாக்கிக்கான மருந்து நிதானமாக எரியும். கைத்துப்பாக்கிக்கானது சட்டென்று எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் குழல் தாங்காது.

நான் இந்த மொன்டானா ஊரில் மருந்துக்கடை நடத்துகிற தமிழன். நான் எண்ணிய மாத்திரையை இன்னொருவர் பார்த்துத்தான் உறையில் போடுவோம். இரண்டு பேர் பார்த்தால் தப்பு நடக்காது என்று எல்லோரையும் போல நானும் நம்புகிறவன். இரண்டு பேர் பார்த்த பிறகும் நடந்துவிட்டால் அது யாருடைய தப்பு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

3

ரோலி அக்காளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒரு வரைவில் அவன் வாயில் 'அக்கா' என்று போட்டுப் பார்த்தேன். அவன் முகமே மாறி, வேறு யாரோ கத்தரிக்கோலுடன் நின்றார். அடித்துவிட்டேன்.

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஒரு மாலை. மேசைமேல் ரோலிக்கான தோட்டாக்கள். ரோலியே போனில் கூப்பிட்டான்.

"என் சாமான் தயாரா மார்லி?"

"தயாராயிட்டே இருக்கு. வாய மூடிட்டு இருந்தா சீக்கிரம் ஆகும்."

"இன்னிக்கு பாதிரியாருக்கு முடி வெட்டினேன். மனுஷன் நாற்காலியிலயே தூங்கிட்டாரு. கண்ணு முழிச்சதும் என்ன சொன்னாருன்னு கேளேன்."

அவள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே குண்டுகளை அமர்த்தினாள். ஆர்லெனும் சிரித்தார். பாதிரியார் என்ன சொன்னார் என்பதை இப்போது மூன்று பேருமே மறந்துவிட்டார்கள். நான் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன்.

சில நாள் கழித்து மலைச்சரிவில் ஆர்லெனும் ரோலியும். புதுப்பனி. மரங்களை விட்டு ஓர் எல்க் மான் வெளியே வந்து நின்றது. ரோலி சுட்டான். சத்தம் வேறு மாதிரி இருந்தது என்கிறார் ஆர்லென். எப்படி வேறு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. (இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். அவருக்கே கிடைக்காதது எனக்கு எதற்கு?) திரும்பிப் பார்த்தால் துப்பாக்கியின் நடுப்பாகம் பிளந்திருந்தது. ரோலி பனியில் உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்லென் கழுத்துத் துண்டால் கையைக் கட்டி, தோளில் சாய்த்து, பிக்கப் வண்டிவரை இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் ரோலி கேட்டானாம்:

"மான் விழுந்துச்சா?"

"இல்ல. ஓடிருச்சு."

"அப்ப சரி. யாராவது ஒருத்தராவது முழுசா வீட்டுக்குப் போகட்டும்."

4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணவனும் மனைவியும் பின்னறைக்குப் போய், மீதமிருந்த தோட்டாக்களை ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சரியான மருந்து, சரியான அளவு. அதுதான் குழப்பத்தின் ஆரம்பம். ஒன்றாவது கெட்டிருந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"கைத்துப்பாக்கி மருந்து டப்பா அன்னிக்கு மேசமேல இருந்துச்சு," என்றார் ஆர்லென். "உள்ள எடுத்து வெக்காம விட்டது நான்."

"அது அலமாரியில இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நீ என்னத்த பாத்த? போன்ல இருந்த."

"அதத்தான் சொல்றேன். பேசிக்கிட்டே கடைசி வரிசைய டார்ச் அடிக்காம மூடிட்டேன். நீ எதுலயோ ரெண்டு தடவ போட்டிருப்ப, அது மனுஷனுக்கு நடக்கிறதுதான். அதப் பாக்கத்தானே நான் உக்காந்திருக்கேன்?"

"டார்ச் உன் கையிலதான் இருந்துச்சு மார்லிஸ்."

"எனக்காகப் பொய் சொல்லாத."

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

உலகத்தில் எல்லா வீட்டிலும் தப்பை அடுத்தவர் தலையில் கட்டத்தான் சண்டை வரும். இவர்கள் அதை அவரவர் பக்கம் இழுத்துக்கொள்ளச் சண்டை போட்டார்கள். இது அன்பு என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் தனித்தனியாகக் காபி போட்டுக் குடித்தார்கள். மார்லிஸ் என்னிடம் சொன்னது இது: "அவர் எனக்காகப் பொய் சொல்றாருன்னா, நான் பாக்காம மூடினத அவர் பாத்திருக்காருன்னு அர்த்தம். பாத்தவர் அப்பவே ஏன் சொல்லல? இல்ல, நெஜமாவே டப்பா மேசமேல இருந்துச்சுன்னா, நான் பாத்தது என்ன? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரா இருக்கு."

ஆர்லெனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதையில் இவ்வளவு நல்லவராக ஒருவர் வந்தால் நான் நம்புவதில்லை. அதனால் ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினேன். மறுநாள் அவர் கடைக்கு வந்து, தன் இரத்த அழுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போனார். என்ன செய்ய? அவர் அப்படித்தான்.

5

இப்போது நாற்காலிக்கு வரலாம். குளிர்காலக் கடைசி. ரோலி இரண்டு விரல் இல்லாமல் சீப்பைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஊர் ஆண்கள் ஒருவர் விடாமல் அவனிடமே வெட்டிக்கொண்டு, ஒரு காதுப்பக்கம் முடி தூக்கலாகத் திரிந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முந்தின ஞாயிறு சாப்பாட்டில் ரோலி புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தான். தோட்டாவில் கோளாறே இல்லையாம். அன்று காலை மலையேறும்போது வழுக்கி விழுந்தானாம். குழல் நுனி பனிக்குள் குத்தி அடைத்திருக்க வேண்டும், பார்க்காமல் சுட்டுவிட்டானாம்.

அடைப்போடு சுட்ட குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கும். துப்பாக்கி பழுதுபார்க்கிறவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அதனால்தான் மார்லிஸ் வந்து நின்றாள்.

"துப்பாக்கி எங்கடா?"

"எதுக்கு?"

"பழுது பாக்கறவருகிட்ட காட்டணும். அவர் சொல்லட்டும்."

ரோலி என் தலையைத் திருப்பி வைத்தான். கத்தரி ஓடவில்லை.

"இல்ல."

"இல்லைன்னா?"

"ஏரியில போட்டுட்டேன். உறைஞ்சு கெடந்த பனியில துளை போட்டு மீன் பிடிக்கப் போனப்போ. குழல் மொதல்ல உள்ள போச்சு, அப்புறம் மீதி."

"எப்போ?"

"போன மாசம்."

"போன மாசம் போட்டுட்டு, போன வாரம் பனி அடைச்சுதுங்கற."

அவன் சீப்பைத் துணியில் துடைத்தான்.

"நீ பொய் சொல்ற," என்றாள் அவள். "எங்க ரெண்டு பேருக்காகவும் சொல்ற. இனி யாரும் பாக்கவும் முடியாதபடி பண்ணிட்ட."

"நெஜமா விழுந்தேன் மார்லி."

"விழுந்தத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. ஆர்லென் முன்னாடி போய்க்கிட்டிருந்தாரு. விழறவன் சாட்சிய வெச்சுக்கிட்டா விழுவான்?"

அவள் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். பிறகு வாசித்துக் காட்டியபோது, "நான் அழல, எனக்குப் பசிச்சுது," என்றாள். திருத்திவிட்டேன். அவளுக்குப் பசித்தது. ரோலி அலமாரியிலிருந்து காய்ந்த எல்க் இறைச்சிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மூன்று பேரும் மென்றோம், நான் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி.

6

வாசித்துக் காட்டினேன் என்றேனல்லவா. தமிழில் எழுதியதை அவர்கள் மொழியில் வாய்வழியாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கதை கையை மீறிப் போனது.

மறுநாள் ஆர்லென் வந்தார். "நீ எழுதறத இங்க யாரும் படிக்கப் போறதில்லதானே?"

"இல்லை."

"அப்ப நான்தான்னு எழுதிரு. அந்த டப்பாவ நான்தான் விட்டேன்னு. எங்கயாவது ஒரு எடத்துல அது முடிவா இருக்கட்டும்."

சரி என்றேன். அந்த வாரமே மார்லிஸ் பேருந்தைக் கடை முன்னால் நிறுத்தினாள். ஏறக்குறைய அதே வார்த்தைகள், டப்பாவுக்குப் பதில் டார்ச். சரி என்றேன். அடுத்த முடிவெட்டில் ரோலி: "உங்க ஊர்ல பனியே கெடையாதுன்னு சொல்லுவ. அங்க இருக்கறவங்க நம்புவாங்க. என் பேர போடு."*

அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை விளங்கவில்லை.

(* நம்புகிறீர்களா? நான் சில நாள் நம்புகிறேன். டப்பாவையும் நம்புகிறேன், டார்ச்சையும் நம்புகிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று.)

7

இலைகள் பழுக்கத் தொடங்கியதும் ரோலி யாரிடமோ ஒரு பழைய துப்பாக்கியை விலைக்கு வாங்கினான். வெறும் பித்தளைக் கூடுகளை ஒரு காபி டின்னில் போட்டுக் குலுக்கிக்கொண்டே அக்காள் வீட்டுக்குப் போனான்.

"ரொப்பிக் குடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? கடையில வாங்கு," என்றாள் மார்லிஸ்.

"கடைக்காரனுக்கு என் துப்பாக்கியத் தெரியாது."

"எங்களுக்கும் இதத் தெரியாது."

"அப்ப பழகுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். ஆர்லென் போய்ப் பின்னறை விளக்கைப் போட்டார். அன்று யார் நிறுத்தார், யார் பார்த்தார், யார் மூடினார் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள், போன்கள் சமையலறையில் கிடந்தன என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சுடும் திடலுக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எதற்கென்று சொல்லவில்லை; அடிபட்டால் கட்டுப்போட ஒரு மருந்துக்கடைக்காரன் இருக்கட்டும் என்று இருக்கலாம். மரப்பலகைமேல் மணல்மூட்டை, அதன்மேல் துப்பாக்கி. உள்ளே ஒரு தோட்டா.

"என் துப்பாக்கி, நான் சுடறேன்," என்றான் ரோலி.

"எட்டப் போ," என்றாள் மார்லிஸ்.

"ரெண்டு பேரும் எட்டப் போங்க," என்றார் ஆர்லென்.

மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆர்லென் உட்காருகிறார், ஒன்றில் மார்லிஸ், ஒன்றில் ரோலி. எதை அச்சுக்குக் கொடுத்தாலும் மற்ற இருவருக்குச் சொன்ன வாக்கு போய்விடுகிறது என்று தோன்றுகிறது. 'நீங்கள்தான்' என்று எழுதுவதாக ஆளுக்கொன்றாகக் கொடுத்த வாக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் என்னால் விளக்க முடியவில்லை. நீங்களே ஒருவரை உட்கார வையுங்கள். வெடித்தது சரியான சத்தத்தோடு, எதிரே அட்டையில் ஒரு துளை விழுந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஆனால் யாரை உட்கார வைத்தாலும் இது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இது நான் கண்ணால் கண்டது. மற்ற இருவரும் எட்டப் போகவில்லை. துப்பாக்கி பிளந்தால் தங்கள் மேலும் தெறிக்கும் தூரத்தில், சுடுகிறவர் தோளோடு தோள் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் பத்திரமாகத் தள்ளி நின்றேன்.