கொஸேரியாவில் தண்ணீர்

கொஸேரியாக் கோட்டையின் இடிந்த வாசலில் அரைப் பாட்டில் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுத்தான் சுற்றுலா வழிகாட்டி நிவெஸ் தன் வாயை நனைப்பாள். அந்த மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இருநூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால் நெப்போலியன் தன் முதல் இத்தாலியப் படையெடுப்பில் இந்தக் கோட்டையை வளைத்தபோது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் உருட்டிவிடக் கல் இருந்தது, ரோஷம் இருந்தது, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தாகம்தான் அவர்களைச் சரணடைய வைத்தது. அதற்கு முன்பே செத்தவர்கள் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

அன்றைக்கு அவள் கொட்டவில்லை. போன மாதம் யாரோ ஒரு புண்ணியவான், வழிகாட்டி மூடநம்பிக்கை பரப்புகிறாள் என்று புகார் எழுதிப் போட்டிருந்தான். இன்னொரு புகார் வந்தால் உரிமம் போய்விடும். அந்த உரிமத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. போதாக்குறைக்கு, காலையில் மோன்தெனோத்தே போர்க்களத்தில் சுற்றுலாவைத் தொடங்கியதிலிருந்து, பிரெஞ்சுக் குழுவின் தலைவி மதாம் வஸ்ஸோர் நோட்டும் கையுமாகவே திரிந்தாள். அதனால் கோட்டை வாசலில் நிவெஸ் பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் ஒப்பித்தாள்.

மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பன்னிரண்டு பேர் ஏறினார்கள், பதினொரு பேர் இறங்கினார்கள். காணாமல் போனவர் கரிக் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர், இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அன்று கோட்டையை வளைத்து நின்றவர்களில் அவருடைய முன்னோர் ஒருவரும் இருந்தார்.

மலையடியில் மாதா கோவில் முற்றத்தில் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஓலிந்தோ அவள் முகத்தைப் பார்த்தான்.

"தண்ணி ஊத்தினியா, இல்லியா?"

"இல்ல."

"நல்லா இருக்கு. இந்த மண்ணுல பொறந்தவதான நீ?"

"அந்தம்மா நோட்டோட பக்கத்துலயே நிக்கறா. நான் என்ன பண்ண?"

"அவ எழுதினா உன் வேல போகும். கெழவர் உசுரு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

சொல்லிக்கொண்டே, ரேடியேட்டருக்கு வைத்திருந்த ஐந்து லிட்டர் கேனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மற்றவர்களை பஸ்ஸில் உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் மலையேறினார்கள்.

பாதி வழியில் நிவெஸுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பாட்டிலை எடுத்தாள். மூடி திருகியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பை நனைந்திருக்கவும் இல்லை. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

கரிக் கோட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த உச்சியில் ஊற்று கிடையாது, கிணறு கிடையாது.

"யாரு குடுத்தாங்க, ஐயா?"

"ஒருத்தன். அந்தக் காலத்துச் சிப்பாய் மாதிரி வெள்ளக் கோட்டு போட்டிருந்தான். கையில ஏந்திக் குடுத்தான், நானும் மடமடன்னு குடிச்சுட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். அவன் பின்னாடி அத்தன பேரு நின்னாங்க. அவங்ககிட்ட அவ்வளவுதாம்மா இருந்திருக்கு."

"எந்திரிங்க, போலாம்."

"கால் வரமாட்டேங்குது."

நிவெஸ் கேனைப் பிடுங்கி, வாசலில் கவிழ்த்தாள். ஐந்து லிட்டரும் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை, மண் நிறம்கூட மாறவில்லை. கரிக் மெல்ல எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே பன்னிரண்டு தலையும் சரியாக இருந்தது. நிவெஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓலிந்தோ வண்டியைக் கிளப்பினான். முற்றத்தைத் தாண்டும் முன்பே எஞ்சின் சூட்டுமுள் சிவப்புக்குப் போய்விட்டது. இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தவன் அப்படியே நின்றான்.

"காலையிலதான் கழுத்து வரைக்கும் ஊத்தினேன். சொட்டு இல்ல."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கரிக் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஊத்தினது பாதி பேருக்குக்கூடப் பத்தல போல," என்றார். "எறங்கி வராங்க."

பாதையில் பனிமூட்டம் மட்டும்தான் தெரிந்தது. பஸ்ஸுக்குள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பாட்டில்களை எடுத்து ஆட்டிப் பார்த்தார்கள். எதிலும் தண்ணீர் இல்லை. மதாம் வஸ்ஸோர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

நிவெஸ் அவளைத் தாண்டி இறங்கினாள். மாதா கோவில் சுவரோரக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு ஆளில்லாத பாதையைப் பார்த்து, சுற்றுலாக்காரர்களிடம் தினமும் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க. அவசரம் இல்ல. எல்லாருக்கும் இருக்கு."