பொம்மை விமானத்துக்கு ஒரு பாலிசி

...ஒன்றுக்கு மட்டும் டிக் போடு என்றால் எதற்குப் போடுவது, இறக்கைக்கா, ஊர் ஜனத்துக்கா, என்று உப்புக் கொட்டகை நிழலில் விமானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவநாதன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான், ஏஜென்ட் ராமதாஸ் வந்துவிடுவார், பிரம்மதேசத்தில் ஒரு மாட்டு இன்சூரன்ஸ், கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை மணியில் திரும்பிடுவேன், அதுக்குள்ள ரொப்பி வைப்பா என்று சொல்லி வண்டியை உதைத்துக்கொண்டு போய் இருபது நிமிஷம் ஆகிறது. ஃபாரமோ மோட்டார் வண்டிக்கானது, வாகனத்தின் வகை என்ற இடத்தில் ரிமோட் விமானம், விளையாட்டுக்கு என்று ராமதாஸே கிறுக்கியிருந்தார், சேசிஸ் நம்பர் கட்டத்தில் என்ன எழுத, வெள்ளைக்காரன் கொடுத்தது என்று எழுதவா? இடையஞ்சாவடியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரன், டேப் ரிக்கார்டரை ரிப்பேர் செய்ததற்குக் கூலியாக இந்த உடைசலைக் கொடுத்தான், தேவநாதன் தன் டி.வி. ரிப்பேர் கடையில் மூன்று மாதம் பிரித்துப் பூட்டி, பறக்க விட்டே காட்டிவிட்டான். ராமதாஸ் மெட்ராஸ் ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டு இந்தத் திட்டத்தைப் பிடித்து வந்தார், முதல் கட்டம், விமானம் உடைந்தால் காசு, இரண்டாவது, விமானத்தால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் காசு, ரெண்டும் சேர்த்துப் போட்டா தொகை எங்கியோ போயிடும்பா, ஒண்ணு போடு போதும்... போன டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதிலிருந்து இந்தப் பக்கம் இன்சூரன்ஸ்காரர் என்றால் நாற்காலி போட்டு டீ கொடுக்கிறார்கள், ஜெயா மட்டும்தான், கட்டின பெண்டாட்டி, சிரிக்காமல் கேட்டாள், நமக்கே ஒரு பாலிசி கெடையாது, இந்தப் பொம்மைக்கா? பொம்மையாம், அவளுக்கு என்ன தெரியும், மேலே போய் ஒரு சாய்வு சாய்ந்து திரும்பும்போது வயிற்றுக்குள் குறுகுறுவென்று ஓடுமே அது.

இறக்கைக்கே போட்டுவிடலாம், ஒட்டின இறக்கை, இன்னொரு தடவை தாங்காது, கையால் தடவினால் அந்த இடத்தில் பசை மேடு தட்டுகிறது, எட்டு நாள்தான் ஆகிறது... அன்றைக்கு அவன் மேல் என்ன தப்பு? பதினொரு மணிக்கு மேல் உப்பளத்தில் ஆள் இருக்காது, விடிவதற்கு முன் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரி, கூடையில் தூக்கி, அம்பாரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கப்புறம் கண்ணுக்கெட்டின மட்டும் பாத்தியும் வரப்பும்தான், விமானம் விட இதைவிட இடம் உண்டா, உப்பளமும் மாமனாருடையது, கேட்க ஆளில்லை. ஆனால் மத்தியானத்தில் கடல்காற்று விடாது, விமானத்தைப் பிய்த்துத் தள்ளும், காற்று நின்றால்தான் விட முடியும், காற்று எப்போது நிற்கும், மேற்கே கருத்துக்கொண்டு வரும்போது, மழைக்கு முன்னால் பத்து நிமிஷம் இலைகூட ஆடாது, அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவன் காத்துக் கிடந்தான்... அடச்சீ, உப்பளத்து வீட்டு மாப்பிள்ளை, ஒன்பது வருஷமாக உப்புப் போட்டுத்தான் தின்கிறான், மழை கருத்தால் கூப்பிடாமலே ஜனம் ஓடிவரும் என்று தெரியாதா, கொட்டிக் கிடக்கிற உப்பை அள்ளிக் கீற்றுப் போட்டு மூட, மூணாவது வீட்டு ஆள்கூட ஓடிவருமே, அது எப்படி மறந்தது? மேலே பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். விமானம் மேட்டு வரப்பைத் தாண்டித் தாழ வந்தபோது கீழே ஆறேழு பெண்கள் தலையில் கூடையோடு, ஐயோ என்று ஒரு சத்தம், எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு கூடை உருண்டது, பாஞ்சாலையுடையது, மாமனாரிடம் இருபது வருஷமாக வாருகிறவள், வரப்புக்குக் கீழே கிடந்தாள், பிறகு எழுந்துவிட்டாள், விமானம் அந்தாண்டை பாத்தியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது, அவன் ஓடினான். எங்கே ஓடினான்? விமானத்துக்குத்தான், உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போனால் தீர்ந்தது, அதைத் தூக்கிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கும்போது பாஞ்சாலை பக்கத்தில் வந்து நின்றாள், இந்தாங்க தம்பி, இது அங்க கெடந்துது என்று விமானத்தின் ஒடிந்த மூக்கு விசிறியை நீட்டினாள், சேற்றைப் புடவையில் துடைத்து, அதுவும் பீச்சாங்கையால், அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வாங்குகிறவன் மாப்பிள்ளை, கொடுக்கிற கை இதுவா என்று, சரி, அவசரத்தில் என்ன மரியாதை என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஒண்ணும் ஆகலியே என்று கேட்டானே, கேட்டான், விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான், ஒண்ணும் இல்லீங்க என்றாள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, அவன் விமானத்தைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டான், அவர்கள் மழையில் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது கேள்வி, அதில்தான் பேனா நிற்கிறது, இதற்கு முன் இப்பொருளால் எவருக்கேனும் காயம் ஏற்பட்டதுண்டா, ஆம், இல்லை. இல்லைன்னு போடுப்பா, ஆமான்னு போட்டா ஃபைல் அங்கியே நின்னுடும் என்று ராமதாஸ் முன்னாலேயே சொல்லிவிட்டார், பழசுக்கெல்லாம் பைசா வராது, இனிமே ஆவுறதுக்குத்தான். இல்லை என்பதுதானே நிஜமும், விமானம் யார் மேலும் படவில்லை, மறுநாள் ஜெயா வந்து சொன்னாள், பாஞ்சாலைக்கு மணிக்கட்டு ஒடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்குதாம், மழையில கீத்து தூக்கறச்ச வரப்புல வழுக்கி விழுந்துடுச்சாம், அப்பா கிட்ட அதுவே சொல்லிச்சு. மழையில், வழுக்கி, அவன் போன பிறகு, அவளே சொன்னாள், அப்புறம் இவன் ஏன் எட்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறான்? சீசன் முடிய இன்னும் ரெண்டு மாசம், கட்டுப் போட்ட கையோடு எதை வாருவாள், ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம், போனால் எதற்குப் போனான் என்று மாமனார் கேட்பார், இந்த விமானத்தைக் காலால் மிதித்தே முடித்துவிடுவார்... போதும். இறக்கை வேண்டாம், அடுத்தவருக்கு ஆனால் காசு, அதற்கே போடுவோம், இனி ஒருத்தருக்கு ஒன்று என்றால் கை விரிக்க வேண்டியதில்லை பார், டிக் அடித்தவுடன் நெஞ்சு லேசாகிவிட்டது, தான் அப்படியொன்றும் மோசமில்லை என்று தோன்றியது, அந்த வேகத்திலேயே ஏழாவதுக்கு எதிரே இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான்.

வண்டிச் சத்தம், ராமதாஸ் ரோட்டோரமே நிறுத்திவிட்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தார், மேற்கே கருத்துக்கினு வருது, குடுப்பா, மெட்ராஸ் பஸ்ல ஆபீசுக்கு அனுப்பணும் என்று கையை நீட்டினார், ஆமாம், காற்று நின்றுபோயிருந்தது, இவ்வளவு நேரம் கவனிக்கவே இல்லை, விமானம் விடுகிற காற்று. தேவநாதனின் வலது கையில் மூடி திறந்த பேனா, இடது கையால் ஃபாரத்தை நீட்டினான். ராமதாஸ் வாங்கவில்லை, சிரித்தார், ஏம்பா, நல்ல காரியம், சோத்துக்கையால குடுப்பா, பீச்சாங்கையாலயா குடுப்ப? பேனா இருக்குதுங்க கையில என்று சொல்ல வாயெடுத்தான், அவன் கையில் பேனா இருக்கிறது, அன்றைக்கு அவள் கையில் என்ன இருந்தது? கூடை இல்லை, கூடை உருண்டு அந்தாண்டை கிடந்தது, கீற்று இல்லை, மழையே வரவில்லை, ஒரு சொட்டு விழவில்லை, சோத்துக்கை வெறுங்கையாகத்தான் இருந்தது, வெறுங்கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, புடவையில் விசிறியைத் துடைத்ததும் அந்த ஒரு கையால்தான், கோணிக்கொண்டு, இருபது வருஷத்தில் ஒரு தரம்கூட அப்படி நீட்டாத மனுஷி... பார்த்தானே, அந்தக் கையைப் பார்த்துத்தானே கோபம் வந்தது, பார்க்காதவனுக்குக் கோபம் வருமா?

ரோட்டிலிருந்து ஜனம் இறங்கி ஓடிவர ஆரம்பித்தது, கூடையும் கீற்றுமாக, முன்னால் பெண்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, தேவநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், வராதவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் பார்த்தான். வலது கைக்கு மாற்றிய காகிதத்தின் ஒரு முனை ராமதாஸிடம் போயிருந்தது. வுடுப்பா, என்ன புடிச்சிக்கினு நிக்கிற, மழ வந்துடுச்சி, நனைஞ்சிடும், வுடு என்று அவர் இழுத்தார், முதல் சொட்டு கையெழுத்தின் மேல் விழுந்து மை கலங்கியது. தேவநாதன் விடவில்லை.