ஏற்றத்தில் நிற்காத கார்கள்

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது டிரைவர் வீரய்யா மீதுதான்.

கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவளைவில் எங்கள் கடை. கொழும்பில் கப்பலால் இறங்கும் வெள்ளைக்காரர்கள் கண்டி பார்க்கக் காரில் வருவார்கள். எங்கள் வளைவை எட்டுவதற்குள் எஞ்சின் தண்ணீர் கொதித்து ஆவி கக்கும். நிறுத்தாமல் வழியில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை மஹ்மூத் வாளித் தண்ணீரைச் சும்மா கொடுப்பார். கார் ஆறும்வரை துரைசானிகள் கதிரையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள், ரேந்தைப் பின்னல் துணி பார்ப்பார்கள், மர யானை வாங்குவார்கள். எங்கள் வீட்டு உலை கொதித்ததே அதனால்தான்.

முப்பத்தைந்தாம் வருஷம் கார்கள் நிற்காமல் போகத் தொடங்கின. திரைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போதும் காரை நிறுத்தும் வீரய்யாவும் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். மேலே உச்சியில் என் மாப்பிள்ளையின் தங்கை கைரியாவின் கடை. அங்கேயும் அதே தண்ணீர், அதே யானை. கைரியா மதினி செய்த வட்டலப்ப இனிப்பை வீரய்யா ஒருநாள் புகழ்ந்தது நினைவுக்கு வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா? சோறு போட்டு டிரைவர்களை வளைத்துவிட்டாள். அவர்களும் மலையடிவாரத்திலேயே தண்ணீர் மாற்றிக்கொண்டு நேரே அவளிடம் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் நானே விடை கண்டுபிடித்தேன்.

என் மகள் பஸீஹாவை கைரியாவின் மகன் ஹபீலுக்குப் பேசியிருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். வரப்போகும் மருமகளின் வீட்டையே பட்டினி போடுகிறவள், நாளை அவளை எப்படி வைத்துக்கொள்வாள்? ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் மஹ்மூத். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷர் அன்றைக்குத்தான் பேசினார். நான் கேட்கவில்லை. அவர்கள் நிச்சயத்துக்குத் தந்த பட்டுப் புடவையையும் மோதிரத்தையும் திருப்பி அனுப்பினேன். பஸீஹா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் வீரய்யாவின் கார் எங்கள் வாசலில் நின்றது. வளைவுகளில் தலைசுற்றி ஒரு துரைசானிக்கு வாந்தி. திரைக்குள்ளிருந்தே வீரய்யாவை மடக்கினேன். மேலே என்ன விருந்து நடக்கிறது என்று கேட்டேன்.

"எங்கேம்மா நிக்கிறோம்? இது புது வண்டி. கொழும்புல ஊத்துன தண்ணி கண்டி வரைக்கும் அப்படியே இருக்கு. சும்மா நிறுத்துனா தொரை கோவிச்சுக்கிறாரு. இப்ப வர்றதெல்லாம் இந்த மாதிரி வண்டிதான்."

வட்டலப்பம்? அது நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தது, ஒரே ஒருதரம் என்றான்.

மறுநாள் காலையிலேயே திரை கட்டிய மாட்டுவண்டியில் மேலே போனேன். கைரியாவின் கடை மேசை சாக்கால் மூடிக் கிடந்தது. யானைகள் மேல் தூசி. அவள் முகம் சுளிக்காமல் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் தந்தாள். என் பிழையைச் சொன்னேன். பட்டையும் மோதிரத்தையும் மறுபடி தரச் சொல்லிக் கேட்கவும் துணிந்தேன். போன வெள்ளிக்கிழமை திகனவில் ஒரு புடவைக்கடைக்காரரின் மகளோடு ஹபீலுக்கு நிக்காஹ் முடிந்துவிட்டது என்றாள்.

அவள் மேசைமேல் கிடந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்களுக்கும் ஒரு வருஷமா கார் நிக்கல்ல, மதினி," என்றாள் பிறகு. "நீங்க கீழேயே மறிச்சுக்கிறீங்கன்னுதான் நானும் நெனச்சேன்."

பின்னே ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா பஸீஹா எனக்கு மருமகளா வராமப் போயிடுவாளேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்தேன். வண்டிக்காரன் வெளியே காத்திருந்தான். திகனச் செய்தியை என் மகளிடம் நானேதான் போய்ச் சொல்ல வேண்டும்.