உருண்டை மூக்கு இஞ்சின் கூப்பிட்ட குரல்

அவளிடமிருந்து பொம்மை ரயில் இஞ்சினை வாங்கிக்கொண்டு போன லிஃப்ட் மெக்கானிக், பதினோராம் நாள் அவளுடைய கிளினிக்குக்கு வந்து, காது பரிசோதனைக்குக் காத்திருப்பவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்தார். காதில் என்ன குறை என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை, கேட்கக் கூடாதது கேட்கிறது, அவ்வளவுதான் என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நீங்க குடுத்த இஞ்சினுக்குள்ள ஒரு பொம்பளை இருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

இஞ்சின் அவள் கணவருடையது. அவர் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில், பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். ஐரோப்பாவின் டீசல் ரயில் இஞ்சின்களை, நிஜத்தில் நூற்றறுபதில் ஒரு பங்கு அளவில், நாற்பத்து மூன்று சேர்த்து வைத்திருந்தார். ஜெர்மனியின் சிவப்பு இஞ்சின், பிரான்சின் நீலம், டென்மார்க்கின் உருண்டை மூக்கு. எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். அந்த நாடுகளுக்கு அவர் போனதில்லை. ஆனால் புகை படிந்த கூரை எப்படி இருக்கும் என்று புகைப்படங்களைப் பார்த்து, நாலே மயிர் உள்ள தூரிகையால் அழுக்குப் பூசுவார். புதுசாக வாங்கியதை எதற்குப் பழசாக்குகிறீர்கள் என்று கேட்டால், ஓடின வண்டி ஓடின மாதிரி இருக்கணும் என்பார்.

இஞ்சின்களோடு அவளுக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அவருடைய காதோடுதான். மதியம் கிளினிக்கிலிருந்து வந்து சமையலை முடித்து, அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவாள். மூன்றாவது தடவைதான் ஆள் வருவார். இரண்டு முறை கிளினிக்குக்கே இழுத்துப்போய்ச் சோதித்தாள். பளிங்கு போன்ற காது. கேட்காதவன் செவிடன், கேட்டும் கேட்காதவன் புருஷன் என்று வரவேற்பில் இருக்கும் பெண் அன்றைக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவர் போனபிறகு அந்த அறையைத் திறக்கவே பிடிக்காமல், இஞ்சின்களை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தாள். பத்தொன்பதாவதாக மெக்கானிக்கிடம் போனதுதான் உருண்டை மூக்கு.

மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். போன வருஷம் அவருடைய அம்மா இறந்துவிட்டார். அதிலிருந்து அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. கண்ணுக்கு முன்னால் ஏதாவது அசைந்தால் நல்லது என்று, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு வட்டத் தண்டவாளம் போட்டு இஞ்சினை ஓடவிட்டார். ஓடுவதைவிட, அது நின்றபடி உறுமுவது அப்பாவுக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் மதியம், நின்றுகொண்டிருந்த இஞ்சின் திடீரென்று ஒரு பெண் குரலில் கூப்பிட்டது. அப்பா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்துபோய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தட்டைக் காலி செய்தார்.

"அம்மா கூப்பிடுறாங்கன்னு நெனச்சுட்டார். நான் இல்லைன்னு சொல்லல. தினமும் அப்படித்தான் சாப்பிடுறார். ஆனா யாரு குரல்னு தெரியாம எனக்குத் தூக்கம் போச்சு."

அது என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

"'வாங்களேன், ஆறிப்போகுது'ன்னு."

அவள் கையிலிருந்த ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கணக்கில், லிஃப்ட் மெக்கானிக் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனபோது, பெரியவர் மேஜைக்கு முன்னால் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருண்டை மூக்கு நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் போனது. பிறகு அதன் வயிற்றிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல, கரண்டிச் சத்தத்துக்கு நடுவில், அவள் கூப்பிட்டாள்.

அவளேதான். ஆனால் ஏழெட்டு வருஷம் இளைய அவள். கோபமும் பசியும் கலந்து, கூப்பிட்டால் வர ஒரு ஆள் இருக்கிறார் என்ற நிச்சயத்தோடு கூப்பிடுகிற குரல்.

பெரியவர், "இரு, வந்துட்டேன்" என்று எழுந்தார். அவளைத் தாண்டித்தான் போனார். நாற்காலியைத் தாண்டுவது போலப் போனார். அந்த அறையில் உயிரோடு இருப்பது அந்தக் குரல்தான், ஆவி தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாளைக்கு இஞ்சினைத் தரமுடியுமா என்று கேட்டாள். மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அறையைத் திறந்து கணவரின் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு பக்கம். இஞ்சினுக்குள் இருக்கும் சின்னச் சில்லில் அவரே பதிவுசெய்து ஏற்றிய சத்தங்களில், கைக்கருவியின் எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஹாரன், பிரேக், கதவு, பெட்டி மாட்டும் சத்தம். பதினான்காவதுக்கு நேரே 'வீடு' என்று எழுதி, 'நிற்கும்போது தானாகவும் வரும்' என்று குறித்திருந்தார். அவளைப் பிரேக்குக்கும் ஹாரனுக்கும் கீழே ஒரு பொத்தானில் வைத்திருக்கிறார். அது ஆசையா குறும்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அழுவதா திட்டுவதா என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில், கிளினிக்கில் வெளிச்சத்தம் புகாத பரிசோதனை அறைக்குள் ஒரு முழ நீளத் தண்டவாளத்தைப் போட்டு, அதன்மேல் இஞ்சினை நிறுத்தி, மைக்கை அருகில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைக்கருவியில் பதினான்கை அழுத்தினாள். மூன்று தடவை கூப்பிட்ட பதிவு அது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். கரண்டி, குக்கர் ஆவி, நாற்காலி நகர்வது. அதற்கும் அடியில், அன்று பதிவு செய்த மைக்குக்கு மிக அருகில், வாய்க்குள்ளேயே ஒருவர் சொல்கிறார்: "வரேன்."

மூன்று தடவைக்கும் சொல்லியிருந்தார்.

ஒரு சுவரைத் தாண்டும் அளவுக்குக்கூட அதில் குரல் இல்லை. ஆயிரக்கணக்கான காதுகளைச் சோதித்தவள், வீட்டுக்குள் ஒரு வாயைச் சோதிக்காமல் விட்டுவிட்டாள். போனில் பதிவு செய்து பார்த்தாள். அவள் குரல் மட்டும்தான் அதில் ஏறியது. அடுத்த ஆள் கதவைத் தட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இஞ்சினை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தபோதுதான் மெக்கானிக் போன் செய்தார். நேற்றிலிருந்து அப்பா தட்டைத் தொடவில்லை.

"'அவ ஏன் கூப்பிடல, எம்மேல கோவமா'ன்னு கேக்குறார் அக்கா. என்ன சொல்றதுன்னு தெரியல."

அன்று மாலையே நாலு மாடி ஏறி, சக்கரங்கள் தண்டவாளத்தில் சரியாக உட்காரும்படி அவளே இஞ்சினை வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மதியங்கள் கடினமாகிவிட்டன. ஊரின் இன்னொரு மூலையில், இந்த நிமிஷம், தன் குரல் யாரோ ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது, அவரும் போகிறார். தனியாகச் சோற்றைப் போட்டுக்கொள்ளும்போது கரண்டி கையிலேயே நின்றுவிடும். கிளினிக் வாசலில் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. கொஞ்ச நாளில் வரவேற்புப் பெண்ணே கூப்பிட ஆரம்பித்தாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு நாள் பதினொரு மணிக்கு மெக்கானிக் கூப்பிட்டார். அப்பா படுத்துவிட்டார், டாக்டர் கையை விரித்துவிட்டார், காலையிலிருந்து இஞ்சின் நாலு தடவை கூப்பிட்டும் தலை திரும்பவில்லை என்றார்.

"ஒரே ஒரு தடவை, நீங்க நேர்ல கூப்பிடுறீங்களா?"

போனாள். கட்டில் அருகே உட்கார்ந்து பெரியவர் முகத்தைப் பார்த்தபடி சொல்ல முயன்றாள். வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்லும் வார்த்தை இல்லை அது. எழுந்து அவர்கள் அடுப்படிக்குப் போனாள். யாரோ கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஒரு கரண்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வாங்களேன், ஆறிப்போகுது."

ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, பதினான்கு மாதமும் அதற்குமேல் ஐந்து மாதமும் கூப்பிட ஆளில்லாமல் கிடந்த குரலை முழுவதும் திறந்து கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஓசையே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறைக்கு வந்தாள். மெக்கானிக் அப்பாவின் வாய்க்கு அருகே குனிந்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"சொன்னார் அக்கா. மூணு தடவையும் 'வரேன்'னு சொன்னார். உங்களுக்குக் கேட்டிருக்காது."

பெரியவர் மறுநாள் விடியற்காலையில் போனார்.

காரியங்கள் முடிந்ததும் மெக்கானிக் இஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மீதமிருந்தவற்றை விற்பதையும் நிறுத்திவிட்டாள். பல்சக்கரங்களுக்கு எப்படி எண்ணெய் விடுவது என்று காட்டித்தரச் சனிக்கிழமைகளில் வரமுடியுமா என்று அவரைக் கேட்டாள். வந்தார். ஊசி முனையில் துளி எடுத்துச் சொட்டுவிடுவார். அவள் தண்டவாளத்தைத் துடைப்பாள். ஒரு நாள் கணவரின் 'வரேன்' பற்றியும் அவரிடம் சொன்னாள். அவர் இஞ்சின்மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அதற்குப் பிறகு பரிசோதனை அறையில் வைத்துக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குரல் தன் கணவருடையதா, அந்தப் பெரியவருடையதா என்று அவளுக்கும் சந்தேகம் வருகிறது.

இப்போதும் சனிக்கிழமைகளில் இருவரும் அந்த அறையில் வண்டி ஓட்டுகிறார்கள். சிவப்பு ஜெர்மன்காரன் சரக்குப் பெட்டிகளை இழுப்பான். பக்கத் தடத்தில் உருண்டை மூக்கு நின்று உறுமும். எப்போதாவது அது கூப்பிடும். அப்போது இருவரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு, மூன்று தடவையும் முடியட்டும் என்று காத்திருப்பார்கள். பிறகு அவர் வேகத்தைக் கூட்டுவார், வண்டி கிளம்பும்.